வளைகாப்புப் படத்துக் காலி நாற்காலி

குறிஞ்சிப்பாடியில் இருபது வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். பேய் பிசாசு என்று எந்தப் பிள்ளையாவது வாயைத் திறந்தால் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வியாகக் கேட்டு ஒரு வழி பண்ணிவிடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

அப்பா இறந்து மூன்று மாதமாகியும் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பாடும் குறைந்து ஆள் பாதியாகிவிட்டாள், எனக்கோ பயம். "அழுதுடும்மா, கொஞ்சம் ஆறும்" என்றால், "நான் அன்னிக்கே அழுது முடிச்சிட்டேன்டி" என்பாள்.

அன்றைக்கு என்பது அவளுடைய வளைகாப்பு. வயிற்றில் நான். சிதம்பரத்தில் அம்மா பிறந்த வீட்டில் விசேஷம், கடலூரில் இருந்த மாப்பிள்ளையை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் தாத்தா ஒரு கார்டு போட்டுவிட்டார். மாப்பிள்ளை முறுக்கு சும்மா விடுமா, அப்பா போகவில்லை. பூ தைத்த சடை தெரியப் பின்னால் கண்ணாடி வைத்து ஸ்டுடியோவில் படம் எடுத்தபோது, பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடித்திருக்கிறாள், அவர் வந்துவிடுவார் என்று இருட்டும் வரை காத்தும் இருக்கிறாள். படத்தில் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேர தூரம், அதற்கு வராத மனுஷன் என்று நாற்பத்தைந்து வருஷம் சொல்லிக்காட்டினாள். அப்பா, பாவம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன ஆடியில் அந்தப் படத்தை என்னிடம் கொடுத்து, "இந்த நாற்காலிய வெட்டிட்டு என்னை மட்டும் போட்டுக் கொண்டா" என்றாள். எனக்கு மனசே இல்லை. இருந்தாலும் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த பெண் ஒருத்தியின் கடைக்குப் போனேன். பட்டப்பகல் பதினோரு மணி. ஸ்கேன் செய்து பெரிதாக்கியவள், "நாற்காலிய எடுத்துடலாம் டீச்சர், கண்ணாடியில ஒருத்தர் நிக்கிறாரே, அவர என்ன பண்றது?" என்றாள்.

கண்ணாடிக்குள் அப்பா. கையிலிருந்த அசல் படத்தில் அந்த இடத்தில் வெறும் சுவர். மூன்று தரம் ஸ்கேன் செய்யச் சொன்னேன், மூன்றிலும் நின்றார். பிம்பம் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான், அந்தக் கண்ணாடியில் விழ வேண்டுமானால் அவர் கேமராவுக்குப் பக்கத்தில் அம்மாவைப் பார்த்தபடி நின்றிருக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எதையும் வெட்டாமல் அப்படியே பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன்.

அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வந்திருக்காருடி" என்றாள். "எப்பவுமே லேட்டுதான் இந்த மனுஷன்."

படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தவள், விளக்கு வைக்கும் வரை ஓயவில்லை. நானும் கூடவே உட்கார்ந்து அழுதேன். பிறகு இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் ஏன் லேட்டு என்றாள் என்பது மறுநாள் படத்தை மாட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்துப் பழகிய முகம் என்பதால் கடையில் தோன்றவில்லை. அவர் இளவயசு அப்பா இல்லை. தலை முழுக்க நரை. இடது புறங்கையில், ஆஸ்பத்திரியில் கடைசியாக டிரிப்ஸ் ஏற்றிய இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது.