வைப்பருக்கடியில் ஒரு சிரட்டைச் சில்லு

சூறைத்தேங்காய் விடுவதில் எங்கள் தேவாரம் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. மகன் வாங்கிய பெரிய காருக்கும் நான்தான் விட்டேன். அன்றைக்குக் கை கொஞ்சம் ஓங்கிவிட்டது. சிரட்டைச் சில்லு தெறித்து முன்கண்ணாடியில் பட்டது. கடுகளவு வடு. யாரும் பார்க்கவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் வெயிலில் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது.

"லாரியை ஒட்டி ஓட்டினா கல்லு தெறிக்காம பூவா விழும்? தேனிக்குப் போய்க் கண்ணாடியை மாத்துனதும் வீட்டைப் பார்த்துப் போயிரு" என்று டிரைவர் செல்வத்தை மகன் ஏசினான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஊர் சிரிக்குமே!

மூவருமாகத் தேனிக்குப் போனோம். மெக்கானிக் பழைய கண்ணாடியைக் கழற்றினார். வைப்பருக்கடியில் கிடந்த சில்லை எடுத்து, "இதென்ன, சிரட்டையா?" என்றார்.

செல்வம் என்னை ஒரு பார்வை பார்த்தான். "காத்துல வந்து விழுந்திருக்கும்ணே" என்றான்.

அவன் அன்றைக்கே பார்த்திருக்கிறான்! வேலை போகும்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஏலே, அது காத்துல வரல. என் கையில இருந்து வந்துச்சு" என்றேன்.

மகன் செல்வத்தின் தோளைப் பிடித்து, "நீ எங்கயும் போக வேணாம்டா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏன் ஆத்தா, இதை அன்னைக்கே சொன்னா என்ன?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பசை காயுற வரைக்கும் கதவை அடிச்சுச் சாத்தாதீக. தேங்காய்ப் பக்கமும் போயிராதீக ஆத்தா!"

புதுக் கண்ணாடிக்குச் செல்வத்தையே சூறைத்தேங்காய் விடச் சொன்னேன். தள்ளி நின்று ஒரே அடி, தூள்தூள். என்னைவிட நன்றாகத்தான் விடுகிறான். அதை மட்டும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.