திறப்போம் என்று சொன்னவர்

“பள்ளிக்கூடத்தைப் பூட்டினாப்போல பிள்ளையள் வீட்டிலயோ இருக்குதுகள், மனேச்சர்? கடற்கரையில குண்டுத்துண்டெல்லோ பொறுக்குதுகள்,” என்றார் கமிற்றிக்காரர் அபூதாஹிர்.

பள்ளிக்கூட மனேச்சர் தவராசா கதிரையை விட்டு எழும்பவில்லை. “திறந்து, இன்னொரு குண்டு விழுந்தா, தாய்தகப்பன் என்ர படலையிலதான் வந்து நிப்பினம். உங்கட கடையில இல்லை.”

“என்ர கடைக்குச் சாமான் வாங்கவே ஆளில்லை. அழவோ வரப்போகினம்?”

மனேச்சர் மூன்றாவது ஆளான ஆனந்தராசாவிடம் திரும்பினார். “வாயைத் திறவுங்கோவன். துறைமுகத்தில ஊரே கேக்கக் கத்துறனீங்கள்.”

ஆனந்தராசா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். “குண்டு விழுந்தாப் பிள்ளையள் பதுங்க ஒரு குழி வெட்டிப்போட்டுத் திறப்பம்,” என்றார்.

அது 1942 வைகாசி. சித்திரையில் எதிரி விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டதிலிருந்து எங்கள் தனியார் ஆரம்பப் பாடசாலை பூட்டிக்கிடந்தது. கமிற்றியில் மற்ற இருவரும் ஒத்துவராவிட்டால், அங்கே பிள்ளை படிக்கிற தகப்பனான ஆனந்தராசாவின் சொல்லே முடிவு என்பது எங்கள் வழக்கம். உதவி ஆசிரியையான நான் அந்த முடிவைத் தமிழில் எழுதி, அரசாங்க வித்தியாபகுதிக்கு ஆங்கிலத்திலும் எழுதினேன்.

ஆனந்தராசா கப்பல்களுக்குக் கயிறு பிடிக்கிறவர். வேலை முடிந்துவந்து, குழியைத் தானே வெட்டினார். குண்டுக்குப் பயந்து கடலுக்கு அக்கரையில் சம்பூருக்கு ஓடிய சனம் இப்போதைக்குத் திரும்பாது என்று நினைத்து, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மட்டும் வெட்டினார். பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தால் பயம் தீர்ந்ததாக்கும் என்று, அந்தச் சனம் பிள்ளைகளோடு தோணியேறி வந்துவிட்டது.

குழியை அகட்டப் பார்த்தார். பக்கமெல்லாம் பாறை.

அதன்பின் அவருக்கு ஓரிடத்தில் நிற்க ஏலவில்லை. காலையில் வேலியோரம் நின்று தலைகளை எண்ணுவார். மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து மறுபடி எண்ணுவார். நம்முடைய விமானம் பறந்தாலும் முகம் வெளுத்துவிடும்.

“ரீச்சர், இவரையும் வரவு இடாப்பில போடுங்கோ. பிள்ளையளை விட ஒழுங்கா வாறார்,” என்று அபூதாஹிர் பகிடி பண்ணினார்.

ஒருநாள் காலை ஆனந்தராசா என்னை வேலிக்குக் கூப்பிட்டார். அவருடைய மகள் கோணேஸ்வரி இரண்டாம் வகுப்பு வாசலில் நின்று கையைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“ரீச்சர், சைரன் ஊதினா மற்றப் பிள்ளையளை முதல் குழியில இறக்குங்கோ. இடமிருந்தா மட்டும் என்ர பிள்ளையை இறக்குங்கோ. தாய்க்குச் சொல்லிப்போடாதேங்கோ.”