கிரீஸ் தடவிய பதினாறு போல்ட்டுகள்

1. முப்பத்தேழில் ஆறு

நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் முப்பத்துநான்கு வருடம் இருந்து ஓய்வுபெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம், பக்கத்துத் தெருவிலிருந்த தனியார் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கியர்பாக்ஸ்களைப் பிரித்து, பழுது பார்த்து, பூட்டித் தரும் பட்டறை. வீட்டிலிருந்து அறுநூற்று நாற்பது காலடி.

2015இல் என் மகள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக்கொடுத்தாள். முதல் மூன்று மாதத்தில் இன்ஜினியரிங் வேலைக்கு என்று முப்பத்தேழு ஆப் இறக்கினேன். முப்பத்தொன்றை அழித்தேன். சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை கம்ப்ரசர் பக்கத்தில் மூன்று போன்களில் வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று அளவு காட்டின. ரசமட்டம் பார்க்கும் ஆப், போனைப் பின்பக்க உறையோடு வைத்தால் ஒன்று சொன்னது, உறையைக் கழற்றினால் இன்னொன்று சொன்னது. சில ஆப்களில் ஒரு கணக்குக்கு இரண்டு விளம்பரம். கையில் கிரீஸோடு அந்தச் சின்னப் பெருக்கல் குறியைத் தேடி அழுத்துவதற்குள் கேட்ட கேள்வியே மறந்துவிடும்.

மிஞ்சியவை ஆறு. அலகு மாற்றி, பேரிங் நம்பர் பார்ப்பது, தாளைப் படம் எடுத்து அனுப்புவது, கியர் விகிதம், எடைக் கணக்கு, போல்ட் இறுக்க அளவு. எந்த ஆப் நல்லது என்று இப்போதும் இளம் இன்ஜினியர்கள் கேட்கிறார்கள். பட்டியல் கொடுப்பதற்கு முன்னால் ஆறாவது ஆப்பால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2. ஏழாவதும் பதினொன்றாவதும்

விருத்தாசலம் பக்கம் ஒரு கல் கிரஷரிலிருந்து பெரிய கியர்பாக்ஸ் ஒன்று வந்திருந்தது. உள்வேலை எல்லாம் முடிந்து மூடியைப் பூட்ட வேண்டிய நாள். இருபத்துநாலு எம்எம் போல்ட் பதினாறு. மாலை லாரி வரும்.

பூட்டுகிறவர் கலியபெருமாள். வயது நாற்பத்தாறு, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பதினேழு வருட ஃபிட்டர். முன்பெல்லாம் ஸ்பானரில் பைப்பை மாட்டி இழுத்து, கையிலேயே இறுக்கம் பார்ப்பார். முதலாளி செல்வம் அதை நிறுத்திவிட்டு, முந்தின வாரம்தான் டார்க் ரெஞ்ச் வாங்கியிருந்தார். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்து இழுத்தால், அந்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும்.

“எவ்ளோ வெக்கட்டும் சார்?”

ஆப்பில் போல்ட்டின் தடிமனையும் தரத்தையும் போட்டேன். “எழுநூத்தி அறுபது.”

“அவ்ளோவா?”

“போன்ல அப்படித்தான் காட்டுது.”

“போன்லயே காட்டுதுன்னா சரி சார்.” ரெஞ்சைத் திருகி அளவை வைத்தார்.

போல்ட்டுகளுக்கு வழக்கம்போல் கறுப்பு கிரீஸ் தடவியிருந்தது. அது என் உத்தரவு. நிலக்கரித் தூளும் மழைத் தண்ணீரும் சேர்ந்து மரையைத் தின்றுவிடும், மறுபடி கழற்ற வராது என்பதால், சுரங்கத்தில் கிரீஸ் தடவாத போல்ட்டை நான் யாரையும் பூட்ட விட்டதில்லை. பட்டறைக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

ஆறு போல்ட் முடிந்தது. ஏழாவதில் கலியபெருமாள் நிறுத்தினார்.

“சார், இது நிக்கல சார். வெண்ணெய்க்குள்ள இழுக்கிற மாதிரி வந்துகினே இருக்குது.”

“டக்குனு சத்தம் வந்துச்சா?”

“வரல.”

“வரலன்னா இழுங்க.”

இழுத்தார். ரெஞ்ச் திடீரென்று லேசானது. அவர் பின்னால் சாய்ந்து இரும்பு மேஜையில் முழங்கையை இடித்துக்கொண்டார். போல்ட்டின் தலை தரையில் உருண்டது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, மற்றதைப் பார்ப்போம் என்றேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாவதும் முறிந்தது.

அந்தச் சமயம் பார்த்து செல்வம் உள்ளே வந்தார். தலை போய் மரைக்குள் மாட்டிக்கொண்ட போல்ட்டை எடுப்பது ஒவ்வொன்றும் அரைநாள் வேலை. லாரி போச்சு.

“யோவ் கலியபெருமாளு! ரெஞ்ச் எதுக்குய்யா வாங்கிக் குடுத்தேன்? பழையபடி பைப்ப மாட்டித் தொங்குனியா?”

“இல்ல மொதலாளி.”

“அப்ப ரெண்டு போல்ட்டும் உன் மேல கோவிச்சுக்கினு ஒடிஞ்சிடுச்சா?”

மற்ற நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலியபெருமாள் என்னை ஒருமுறை பார்த்தார்.

“நாளையிலேர்ந்து வராத. வூட்ல இருந்துக்க.”

“இருப்பா செல்வம், பாக்கறேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் பைப் மாட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எந்த ஆப்பும் தேவையில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அளவு சொன்னதும் நான் என்பதால் வாய் வரவில்லை.

கலியபெருமாள் குழாயில் முழங்கையைக் கழுவி, தன் சொந்த ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

3. ஒரு சின்னக் கட்டம்

ஸ்டூலில் உட்கார்ந்து ஆப்பை மறுபடி திறந்தேன். தடிமன் சரி. தரம் சரி. விரலால் மேலே தள்ளினேன். நான் அதுவரை தள்ளிப் பார்த்ததே இல்லை. கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மரையின் நிலை என்ன என்று கேட்டது. ‘உலர்ந்தது’ என்று அதுவாகவே வைத்திருந்தது. அதை மாற்றி கிரீஸ் என்று வைத்தேன். எழுநூற்று அறுபது, நானூற்று அறுபதுக்கு இறங்கியது.

விஷயம் எளியது. உலர்ந்த மரையில் நாம் போடும் பலத்தில் பெரும்பகுதி உரசலிலேயே போய்விடும். கிரீஸ் இருந்தால் உரசல் குறைந்து, அந்தப் பலம் போல்ட்டை இழுத்து நீட்டும். முப்பத்துநான்கு வருடமாக உலர்ந்த போல்ட்டையே தொடாத எனக்கு, எங்கோ உட்கார்ந்து இந்த ஆப்பை எழுதியவர் உலர்ந்த போல்ட்டை நினைத்துக் கணக்குப் போட்டிருப்பார் என்று தோன்றவேயில்லை.

இறுக்கிய பதினொன்றில் முறியாத ஒன்பதிலிருந்து மூன்றைக் கழற்றி, புதுப் போல்ட்டோடு வைத்து வெர்னியரில் அளந்தேன். மூன்றுமே அரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தன. அப்படியே லாரியில் ஏற்றியிருந்தால், கிரஷர் ஓடும்போது மூடி கழன்றிருக்கும்.

ஆப்பை அழித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல்வத்தின் அறைக்குப் போய், அவர் மேஜையில் மூன்று போல்ட்டையும் போனையும் வைத்தேன்.

“அவரு பைப் போடல. ரெஞ்ச்லதான் இழுத்தாரு. அளவு நான் சொன்னது. தப்பான அளவு.”

செல்வம் போல்ட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “அவன வெரட்டும்போது பக்கத்துல தான சார் நின்னீங்க?”

“நின்னேன்.”

“இப்ப நான் யாரை சார் வெரட்டுறது? உங்களையா, போனையா?”

“யாரையும் வேணாம். பதினாறும் புதுசா வாங்கணும். லாரிய நாளான்னிக்கு வரச் சொல்லு. நான் போய் அவர கூட்டிகினு வரேன்.”

4. பஸ் ஸ்டாப்பில்

கலியபெருமாள் நிழற்குடையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கைக்குட்டை கட்டியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கட்டத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

“எனக்கு அஞ்சாவது போல்ட்லயே தெரியும் சார்” என்றார்.

“அப்ப ஏன் சொல்லல?”

“ஏழாவதுல சொன்னனே. இழுன்னீங்க. வெறும் ஆளா நீங்க சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன். கையில போன வெச்சிக்கினு சொல்றீங்க. படிச்சவங்க கணக்கு பாத்து சொல்றாங்க, நம்ம கை சொல்றத எவன் கேப்பான்னு இழுத்துட்டேன்.”

போனைச் சட்டைப் பையில் வைத்தேன்.

“வேலை போனாகூட போவுது சார். போல்ட்ட ஒடிச்சவன்னு பேரு வந்துடுச்சுன்னா மந்தாரக்குப்பத்துல ஒரு பட்டறையிலயும் ஏத்தமாட்டான்.”

“செல்வத்துகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வாங்க.”

“ரூமுக்குள்ள வெச்சு சொன்னீங்களா?”

“ஆமா.”

“அவரு நாலு பேரு முன்னாடி தான கத்துனாரு? அதே நாலு பேரு முன்னாடி சொல்லுங்க. அப்ப வரேன்.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. நான் மற்ற நான்கு பேரையும், செல்வத்தையும் கியர்பாக்ஸ் பக்கத்துக்குக் கூப்பிட்டேன். நீண்ட போல்ட்டையும் புதுப் போல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். “அளவு சொன்னது நான். போன்ல ஒரு கட்டத்தப் பாக்காம விட்டது நான். கலியபெருமாள் நிக்கலன்னு சொன்னாரு, இழுன்னு சொன்னதும் நான். முதலாளி திட்டும்போது வாய மூடிக்கினு நின்னதும் நான்தான்” என்றேன். நான்கு வாக்கியம். அதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஒருவன் மட்டும், “அப்ப போன் மேல தப்பு இல்லியா சார்?” என்றான். இல்லை என்றேன்.

கலியபெருமாள் உள்ளே வந்து பையை மேஜையில் வைத்தார்.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு ஆப்பையும் இறக்கியதும் கடைசி வரிவரை தள்ளிப் பார்க்கிறேன். நம்மைக் கேட்காமல் அதுவாக எதையெல்லாம் வைத்துக்கொள்கிறது என்று நோட்டில் எழுதிவைக்கிறேன். ஆறு ஆப்பும் இன்னும் இருக்கின்றன, போல்ட் ஆப் உட்பட. அது நல்ல ஆப். ஆனால் இளம் இன்ஜினியர்களுக்கு நான் சொல்வது இதைவிடக் கொஞ்சம் சங்கடமானது. கையில் போனை எடுத்துவிட்டால் எதிரில் நிற்கிறவர் தான் அறிந்ததைச் சொல்ல மாட்டார். ஆகவே ஸ்பானர் பிடித்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு போனை எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், யாரையும் இழு என்று சொல்லாதீர்கள்.