இன்ஷிராவின் பெரிய இறக்கை

மருந்துக் கடை வாசலில் நின்றபடி, எதிரே ஷவ்கியின் மீன் உணவகத்துக் கொடியைப் பார்க்கிறாள் இன்ஷிரா. கொடி விறைத்து நின்றால் சின்ன இறக்கை, துவண்டு தொங்கினால் பெரியது. இரண்டுக்கும் நடுவில் படபடத்தால் அன்று முழுக்கக் குழப்பம்தான். இருமல் மருந்துக்கு வந்தவர் காத்திருக்க வேண்டும்.

"கொஞ்சம் இருங்க, காத்து இன்னும் முடிவுக்கு வரல" என்பாள்.

எகிப்தின் தஹப் கடற்கரையில் நாங்கள் ஓட்டும் பாய்ப்பலகைக்கு அடியில் உயரமான கால் ஒன்று உண்டு. அதன் நுனியில், நீருக்குள், குட்டி விமானம் போல ஒரு தண்டும் முன்னும் பின்னும் இறக்கைகளும். வேகம் பிடித்தால் பலகை நீரைவிட்டு எழும்பிப் பறக்கும். பெரிய முன்னிறக்கை இளங்காற்றிலேயே தூக்கிவிடும், ஆனால் வேகம் மட்டு. நீளத் தண்டு ஆடாமல் போகும், திரும்பச் சொன்னால் அடம்பிடிக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய இன்ஷிராவுக்கு இதைவிடப் பெரிய கவலை கிடையாது. இறக்கைகளைக் குழந்தைத் துண்டில் சுற்றி, பால்மாவு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமைப் பந்தயத்தன்று சினாய் மலைக்காற்று நன்றாகவே அடித்தது. எல்லோரும் சின்ன இறக்கை மாட்டினார்கள். இன்ஷிரா மட்டும் இருப்பதிலேயே பெரியதை எடுத்து, நீளத் தண்டில் பூட்டினாள்.

"என்ன டாக்டரம்மா, வீட்டுக் கதவைக் கழட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றான் ஷவ்கி. மருந்துக் கடைக்காரரும் எங்கள் ஊரில் டாக்டர்தான்.

"எறா வால் மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு நீ பேசாதே. நடுக்கடல்ல உக்காந்து கெடப்ப."

"இந்தக் காத்தா நிக்கப்போவுது?"

மீட்புப் படகு என்னுடையது. முதல் சுற்று முழுக்க அவள்தான் கடைசி. அந்த இறக்கை அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டாம் சுற்றில், பவளப்பாறைக்கு வெளியே, காற்று சட்டென்று செத்து, மெல்லிய இழுப்பு மட்டும் மிஞ்சியது. பறந்துகொண்டிருந்த பலகைகள் ஒவ்வொன்றாக நீரில் உட்கார்ந்தன. இன்ஷிரா மட்டும் பறந்தாள். முதன்முறையாக அவளுக்கு முன்னால் யாருமில்லை. கடைசி மிதவை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

ஷவ்கியை மட்டும் நீரோட்டம் பிடித்து வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நான் மறுகோடியில் இரண்டு பேரைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்ஷிரா திரும்பினாள். சந்துக்குள் பேருந்து திரும்புவதுபோல, அகலமாக வட்டமடித்துத் திரும்பினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பலகையைத் தன் பலகையோடு கட்டியிருந்தாள். ஷவ்கியின் முகம் வெளிறியிருந்தது.

"ஜெயிச்சிருப்பீங்களே, டாக்டரம்மா" என்றான் மெல்ல.

"ஜெயிச்சா பரிசு உன் கடை விருந்துதானே. அதைச் சமைக்க ஆள் வேணாமா?"

கரையில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு கைதட்டினார்கள். யாரோ புதினாத் தேநீர் நீட்டினார்கள். அவள் கவனிக்கவில்லை.

"நான் திரும்புறதுக்குள்ள எவ்வளவு தூரம் போயிட்டான்" என்று முனகியபடி மணலில் மண்டியிட்டாள். பலகையைக் கவிழ்த்துப் போட்டு, நீளத் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, குட்டைத் தண்டை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.