பேட்டரியிடம் கேட்ட கேள்வி

இன்று காலை ஐந்தருவியில் ஈரக் கையோடு போனை எடுத்தேன். பதினைந்து சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது என்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் எண்ணெய்த் தலையோடு வந்த ஓர் அம்மா, "நகரு தாயி" என்று தள்ளிவிட்டுப் போனார்.

என் முதல் வேலை தென்காசியில், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில். அலுவலகம் என்றால் நானும் பேச்சியும்தான். நான் தனியாக எழுதிய முதல் புரோகிராம், குற்றாலத்து விடுதி ஒன்றின் அறைப் பதிவு. ஜாவாவில் எழுதியது, விண்டோஸ், லினக்ஸ் எதில் போட்டாலும் ஓடும். எனக்கு அதில் ஏகப் பெருமை. ஆனால் எங்கும் ஓடுகிற புரோகிராமுக்குத் தான் எந்த இயந்திரத்தின் மேல் நிற்கிறோம் என்பது தெரியாது. சாரல் நாட்களில் கரண்ட் போகும், விடுதி லேப்டாப்பின் பேட்டரி தீரும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு அப்படியே கெட்டுவிடும்.

"இன்னொரு மட்டம் போச்சுன்னா ஒங்க சாப்ட்வேரே வேண்டாம்மா," என்றார் விடுதி மேலாளர் அண்ணாச்சி.

சார்ஜ் தீரப்போவது தெரிந்தால் என் புரோகிராம் முன்கூட்டியே கத்தி, கோப்பைப் பத்திரமாக மூடிவிடலாம். பேட்டரியின் நிலை விண்டோஸுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கென்றே அதனுள் ஒரு ஃபங்ஷன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் சின்ன நிரல், உண்டு. ஜாவாவிலிருந்து ஒரு பாலம் போட்டு அதைக் கூப்பிட வேண்டும். வெற்றுக் கட்டங்களை அது எதிர்பார்க்கும் வரிசையில் நீட்டினால், ஒவ்வொன்றிலும் பேட்டரியைப் பற்றி ஒரு விவரத்தை நிரப்பித் தரும். மளிகைக்கடைக்குக்கூடப் பட்டியலோடு போகிற நான், வரிசையில்தான் சறுக்கினேன்.

மறுநாளே அண்ணாச்சியின் போன். "ராத்திரி பூரா சார்ஜ் போட்டிருக்கேன், ஒரு பெர்சென்ட்டுதான் இருக்குன்னு கத்துது! ஒன் புரோகிராமுக்குக் காய்ச்சலாம்மா?"

பேச்சி என் திரையை எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, ரெண்டாவது கட்டத்தையும் மூணாவதையும் மாத்திப் போட்டிருக்கே. பேட்டரில சார்ஜ் நெறைய இருக்குங்கதுக்கு அது ஒண்ணுன்னு போடுது. நீ அதச் சதவீதம்னு படிக்கே."

மாற்றினேன். எண்பத்தேழு என்றது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தோம். எண்பத்தாறு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. குற்றாலம் எந்தத் திசை என்றே அறியாத யாரோ எழுதி, இயந்திரத்தின் அடியில் வைத்துவிட்டுப் போன ஒன்றை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது பதில் சொன்னது.

"சொல்லுது பாத்தியாட்டி," என்ற பேச்சியின் குரலும் வியப்பில் இறங்கித்தான் இருந்தது.

அடுத்த வாரம் சாரலில் கரண்ட் போய், வெகுநேரம் வரவில்லை. வந்ததும் அண்ணாச்சி கூப்பிட்டார். "அதுவா எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு, அதுவா மூடிக்கிட்டும்மா. தொறந்து பாத்தேன், ஒரு பேரும் போகல."

இப்போது அந்த விடுதியில் பதிவெல்லாம் இணையத்தில்தான். மேசையில் லேப்டாப்பே கிடையாது. எங்கள் மாடியில் தையல் வகுப்பு நடக்கிறது. என் புரோகிராம் எந்தக் கணினியிலும் இல்லை. விண்டோஸில் அந்த ஃபங்ஷன் மட்டும் இன்னும் இருக்கிறது, யார் கேட்டாலும் சொல்லும். குற்றாலத்திலிருந்து கேட்கத்தான் ஆள் இல்லை.