கேள்வி தூக்குகிறவள்

அவளைப் பற்றி யாராவது விசாரித்தால் அண்ணி இப்படித்தான் சொல்வாள்: "எங்க வீட்டுப் பொண்ணு எட்டு வருஷமா ஒரே பரீட்சையை எழுதுது. பாஸும் ஆகல, ஃபெயிலும் ஆகல."

பொய் இல்லை. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு வருடத்துக்கு ஒருமுறை கணினியில் நடக்கும். நேரம் முடிந்ததும் திரை தானாக மூடிக்கொள்ளும். கேள்விகளை யாரும் வெளியே கொண்டுவர முடியாது. அதனால் பயிற்சி மையங்கள் ஆள் அனுப்பும். ஆளுக்கு ஒரு பகுதி. அவர்கள் விடை எழுதப் போகிறவர்கள் இல்லை. கேள்விகளை மண்டையில் ஏற்றிக்கொண்டு வெளியே வருவார்கள். வாசலில் வேன் நிற்கும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஏறி உட்கார வேண்டும். பேசக் கூடாது. பேசினால் சிந்திவிடும். மையத்தில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதி எடுப்பார்கள். அது புத்தகமாகி அடுத்த வருடத்துப் பிள்ளைகளிடம் போகும். இந்த வேலைக்குத் 'தூக்குறது' என்று பெயர்.

அவள் தூக்கியது தர்க்கப் பகுதி. மாணவர்கள் அவளை டேப்பு அக்கா என்றார்கள். டேப் ரெக்கார்டரைப் பார்த்தே இராத பிள்ளைகள்.

அவளும் மாணவியாகத்தான் அங்கே வந்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டு நீள அறைகள், ரப்பர் வாடை, பேசும்போதெல்லாம் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர். எல்லோருக்கும் அவர் சார். முதல் தடவை கொஞ்சத்தில் இடம் தவறியது. சார் அவளைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் இங்கயே க்ளாஸ் எடும்மா. அப்படியே தர்க்கத்தை மட்டும் தூக்கிட்டு வந்துடு. அடுத்த வருஷம் உனக்காக எழுதிக்கோ," என்றார். அந்த அடுத்த வருடம் ஒவ்வொரு வருடமும் ஒரு வருடம் தள்ளி நின்றது. ஒரு வருடம் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒரு வருடம் அண்ணனுக்கு வேலை போய், அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஒரு வருடம் அவளே எதுவும் கேட்கவில்லை.

முப்பது தாண்டினால் தேர்வு எழுத முடியாது. இதுதான் கடைசி என்று ஆனபோது சாரிடம் போய் நின்றாள்.

"இந்தத் தடவை தூக்க மாட்டேன் சார். எனக்காக எழுதறேன்."

சார் மறுக்கவில்லை. "தாராளமா எழுதும்மா. நான் எப்பவாவது வேண்டாம்னு சொன்னேனா?" என்றார். யோசித்துப் பார்த்தாள். சொன்னதில்லைதான்.

வக்கீலாகி என்ன செய்யப் போகிறாய் என்று அண்ணி கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தர்க்கக் கேள்வியில வர்ற பத்தியில எல்லாம் ஒரு வழக்கு வரும் அண்ணி. ஒருத்தன் வீட்டு மரம் அடுத்தவன் வீட்டு மேல விழுந்துடும். யார் பொறுப்புன்னு கேட்டு நாலு விடை குடுப்பாங்க. அதோட முடிஞ்சுது. அப்புறம் அந்த ரெண்டு வீட்டுக்காரனுக்கும் என்ன ஆச்சுன்னு சொல்லவே மாட்டாங்க."

"இதுக்குப் போயா அஞ்சு வருஷம் படிக்கணும்? எதிர்வீட்டுல போய் உக்காரு, ரெண்டு வீட்டுச் சண்டையும் முழுசாக் கேக்கும்."

ஆனால் அன்றிலிருந்து காலையில் சமையலறைப் பக்கம் அவளை அண்ணி கூப்பிடவில்லை.

படிப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் தெரியும். தடை வேறு இடத்தில் இருந்தது. மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தால் கேள்வியை வாசித்ததும் கை விடையைக் குறிக்காமல் நின்றது. மனம் கேள்வியைத் தூக்கி, மறக்காமல் இருக்க எங்காவது மாட்டப் போனது. அவள் மாட்டுகிற இடம் அண்ணியின் சமையலறை. முதல் கேள்வி அடுப்புத் திருகில், இரண்டாவது ஒழுகும் குழாயில், மூன்றாவது சல்லடையில், இப்படியே பரண் வரைக்கும். மாட்டியதைச் சரிபார்க்க இன்னொரு முறை வாசிப்பாள். பாதிக் கேள்வி தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

கணக்கண்ணனிடம் சொன்னாள். ஒரு காலத்தில் கணக்குப் பகுதியைத் தூக்கியவர். வயது தாண்டிவிட்டதால் இப்போது மையத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதை எழுதி எடுக்கிறார்.

"வேலைக்காரி விருந்துல பந்தி பரிமாறிப் பரிமாறிப் பழகி, இலை போட்டு உக்கார வெச்சாலும் எழுந்திருச்சு சாம்பார் வாளியைத் தேடுவா. அந்தக் கதைதான் உனக்கு," என்றார். பிறகு, "மறக்கப் பழகு. வேற வழியில்லை. நான் பழகல," என்றார்.

மறக்கப் பழகினாள். அண்ணிதான் தேர்வாளர். மாதிரித் தேர்வு முடிந்ததும் கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள்.

"ஏழாவது கேள்வி என்ன?"

"ஒரு கிணத்துக்குச் சுவர் கட்டாம விட்டவன்…"

"போச்சு போ. ஃபெயில்."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, "ஊர்ல ஞாபகம் வெச்சா மார்க் போடுவான். இங்க மறந்தா மார்க்கா?" என்பான்.

"நீங்க பேசாதீங்க. இந்தப் பரீட்சையில நீங்க மாநிலத்துலயே முதல். நேத்து வாங்கிட்டு வரச் சொன்ன சோப்பு எங்க?"

கேள்வியைப் பார், விடையைக் குறி, விட்டுவிடு. பார், குறி, விடு. பாத்திரங்களில் எதையும் மாட்டாமல் இருக்கச் சமையலறையையே நினைக்காமல் இருந்து பார்த்தாள். மழைக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் அண்ணி கேட்டபோது அவளுக்கு ஒரு கேள்விகூட ஞாபகம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் விடை குறித்திருந்தாள். திருத்திப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே சரி. அண்ணி அவள் கன்னத்தை ஈரக் கையால் வழித்தாள். "நல்லா மறந்துட்டடி என் ராசாத்தி."

தேர்வு நாளில் அண்ணிக்கு வேலை இருந்தது. அவள் தனியாகப் பேருந்தில் போனாள்.

முதல் பகுதிகள் ஓடின. பார், குறி, விடு. தர்க்கம் வந்தது. அதுவும் ஓடியது. முன்வரிசைப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பத்தி வந்தது. ஒருவன் வெளியூர் போகும்போது தன் நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறான். திரும்பி வரும்போது நாய் அவனிடம் வர மறுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறான். நாய்தான் வரவில்லை. இதில் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள்? கீழே ஐந்து கேள்விகள். முதலாவதன் விடை இரண்டாவதை மாற்றியது. இரண்டாவது மூன்றாவதைத் தலைகீழாக்கியது. எட்டு வருடத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. புது வகை. யார் யோசித்திருப்பார்கள் என்று வியந்தாள். சார் இதைப் பார்த்தால் குதிப்பார் என்று நினைத்தாள்.

நினைத்ததும் கேள்வி அடுப்புத் திருகில் போய் மாட்டிக்கொண்டது.

அவள் அதை இறக்கப் பார்த்தாள். அடுத்தது குழாயில் மாட்டியது. ஒரு சொல்கூடப் பிசகக் கூடாதே என்று திரும்ப வாசித்தாள். இந்தக் கேள்வியை மட்டும், அழகான கேள்வி என்பதால் மட்டும் என்று சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு வந்த பத்திகள் அழகாக இல்லை. அவற்றையும் மாட்டினாள். கை மேசை மேல் சும்மா கிடந்தது. அதைப் பார்த்தாள். அது தன் கைதான், விடையைக் குறிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. குறித்தால் மாட்டியது கழன்றுவிடும் என்று பயமாக இருந்தது.

பரண் வரை போனாள். திரை மூடிக்கொண்டது.

வெளியே வெயில். பேனாவையும் செருப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டு எல்லோரும் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தி, "அக்கா, நாய்க் கேள்வி பாத்தீங்களா?" என்றாள். அவள் வாயைத் திறக்காமல் நடந்தாள். வேன் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றது. சார் அதன் நிழலில் இருந்தார். இந்த வருடம் அவளுக்கு அதில் இடம் இல்லை. அவளை அவர் கூப்பிடவும் இல்லை. வீட்டுக்குப் போகும் பேருந்து வந்து நின்று கிளம்பியது.

அவள் சாலையைக் கடந்தாள். சார் அவள் முகத்தைப் பார்த்தார். கதவைத் திறந்து, பஞ்சுப் பொட்டலத்தை நீட்டினார்.

மையத்தில் மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள். தர்க்கத்துக்கு அனுப்பிய புது ஆளுக்குப் பாதிகூட வரவில்லை. அவளை உட்கார வைத்தார்கள். கணக்கண்ணன் பேனாவை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நாய்ப் பத்தியைச் சொன்னாள். சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அடேயப்பா. இதைத் தூக்கினியே, அதுதான் தொழில். சரி, மூணாவதுக்கு விடை எது?"

"ரெண்டாவது விடை சார். நாய்க்கு இஷ்டம்னு ஒண்ணு சட்டத்துல கிடையாது."

"அதைத்தானே குறிச்சே?"

"குறிக்கல."

கணக்கண்ணன் பேனா நின்றது.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதையுமே குறிக்கல சார்."

சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "அடடா," என்றார். உண்மையான வருத்தம்தான். கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் மோட்டார் ஓடி நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நீ குறிக்காம விட்ட பத்தியெல்லாம்… அதுவும் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"முழுசாவா?"

"முழுசா."

"சரி, அதையும் சொல்லிடு. அப்புறம் வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எங்கும் தடுக்கவில்லை. நிறுத்தற்குறி உட்பட வந்தது.

"மெதுவா, மெதுவா," என்றார் கணக்கண்ணன். தலையைத் தூக்கவில்லை. "என் கை வலிக்குது."