நிலத்தில் படரவிட்ட பூசணி

பூசணிக்கொடியைக் காலையில் திருப்பக்கூடாது. இரவெல்லாம் நீர் குடித்துத் தண்டு விறைத்து நிற்கும்; தொட்டால் டக்கென்று முறிந்துவிடும். மத்தியான வெயிலில் கொஞ்சம் வாடித் துவண்டிருக்கும்போதுதான் நுனியைப் பிடித்து, போகவேண்டிய பக்கத்துக்கு மெல்லத் திருப்பவேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நல்ல நுனிகளை முறித்துவிட்டு, என்னையே திட்டிக்கொண்டு கற்றது.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை. ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். கனடாவுக்கு வந்தபின் அது நாலாவது வீடு. பெட்டி கட்டிக் கட்டி எனக்கு வெறுத்தே போயிருந்தது. "இந்தக் கோடை முழுக்க இஞ்சதானே இருப்பம்? இல்லாட்டி நான் விதை போடமாட்டன்," என்று கணவரிடம் கேட்டேன்.

"ஓம், எங்கையும் போகமாட்டம். நீர் நடும்," என்றார். குழியையும் அவரே வெட்டித் தந்தார்.

மேலே இருந்த வீட்டுக்கார அக்கா, "வேலியில ஏத்தாதை பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போடுவான். நிலத்தில விடு," என்று முதலே சொல்லிவிட்டார். சரி, நிலத்தில்தான். கொண்டையூசி மாதிரி வளைத்த கோட் ஹாங்கர் கம்பியைக் கொடிக்கு மேலால் மண்ணில் குத்தி, கணுக்களுக்கு மண் அணைத்தேன். மண் பட்ட கணுவெல்லாம் வேர் விடும். இலையின் சுணை பட்டுக் கையெல்லாம் அரித்தது. கம்பி வளைத்தது யார்? இவர்தான். வேலையால் வந்த களைப்போடு பக்கத்தில் குந்தியிருந்து, "அங்கால வெயில் கூட, அந்தப் பக்கம் விடும்," என்று யோசனை வேறு!

யூலையில் முதல் பிஞ்சு பிடித்தது. ஒரு சனிக்கிழமை நான் கொடிகளுக்குள் குந்தியிருக்க, வீட்டுக்கார அக்கா ஓர் இளம் தம்பதியைப் பின்வளவுக்குக் கூட்டிவந்தார். அந்தப் பெண் பிஞ்சைப் பார்த்துச் சிரித்தாள். "நாங்கள் குடி வரேக்குள்ள இது முத்திடுமோ, அக்கா?"

"எங்க குடி வரேக்குள்ள?" என்றேன்.

வீட்டுக்கார அக்காவின் முகம் கறுத்தது. "ஐயோ பிள்ளை, அவர் உனக்குச் சொல்லேல்லையே? மாசம் முடிய நீங்கள் மிசிசாகாவுக்கெல்லே போறியள். ஏப்பிரலிலயே சொல்லிப்போட்டார்."

ஏப்பிரல்! நான் விதை போட்டது மே மாதக் கடைசியில். குழி வெட்டும்போதே அந்த மனிசனுக்குத் தெரியும். கம்பி வளைக்கும்போதும் தெரியும். மேல்வீட்டுக்குத் தெரியும், முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்கும் தெரியும். எல்லாரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் அவர் வந்ததும் வாசலிலேயே மறித்துக் கேட்டேன்.

"ஃபக்டரியை ஓகஸ்டில மிசிசாகாவுக்கு மாத்துறாங்கள். இஞ்சயிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில போய்வரேலாது. முதலே சொன்னா நீர் அழுவீர். தோட்டத்தோட கொஞ்ச நாள் சந்தோசமா இருக்கட்டும் எண்டு விட்டனான்," என்றார்.

அழுகிற பிள்ளைக்குப் பராக்குக் காட்டுவதுபோல எனக்கு ஒரு கொடியைக் காட்டியிருக்கிறார்.

"எண்பத்திமூண்டுக் கலவரத்தில கொழும்பில எங்களை வெட்ட வந்தாங்கள். அண்டைக்குப் பின்மதிலால பாயேக்குள்ளயும் என்னட்டச் சொல்லிப்போட்டுத்தானே பாய்ஞ்சனீங்கள்? இது மிசிசாகா! இதைச் சொல்ல உங்களுக்கு என்ன பயம்?"

அன்றைக்கு நான் சமைக்கவில்லை.